ஒன்றாம் எண் படகு

அன்று அந்தக் கடல்சார் அருங்காட்சியகத்தில் நடந்ததில் சம்பந்தப்பட்டவர்கள் ஐந்து பேர். எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியக்கா. அவருடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக். தங்கை, தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். தங்கையின் கணவர், ஜவுளிக்கடைக்காரர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. ஐந்தாவது ஆள், வருகிறவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் விளக்கம் சொல்லும் பழைய கப்பல் அதிகாரி ஒருவர். தம்பியின் மனைவி ஊரில் இருந்தாள். பிள்ளைகள் யாரும் வரவில்லை. உறவில் வேறு எவரும் அங்கே இல்லை.

அந்த நகரத்துக்கு அவர்களை அழைத்துப் போனது மாப்பிள்ளை. ஒரு பெரிய மில் நடத்திய துணிக் கண்காட்சிக்கு அவருக்கு அழைப்பு வந்தது. தங்குவதற்கு இரண்டு அறைகளையும் மில்லே கொடுத்தது. ஓர் அறை சும்மாதானே கிடக்கும், அக்காவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தங்கை சொன்னாள். பெரியக்கா இரண்டு நாள் யோசித்தார். மாப்பிள்ளையின் தயவில் பயணம் போவது அவருக்கு முள்ளாய்க் குத்தியது. ரயில் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்.

கொள்ளை விலை ஊர் அது. ஒரு காப்பிக்குச் சொன்ன விலையைக் கேட்டு, தம்பி கோப்பையைத் தூக்கி அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான்.

"கோப்பையோட சேத்துத்தான் விலைபோல இருக்கு. பையில போட்டுக்கவாக்கா?"

"கையை மடக்கிட்டு உக்காரு. வந்த இடத்துல மானத்தை வாங்காதே" என்றார் பெரியக்கா.

மூன்றாம் நாள் காலையில் தம்பிதான் கைபேசியில் பார்த்துவிட்டுச் சொன்னான். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் அப்பாவின் கப்பலுக்கென்றே தனியாகக் கூடங்கள் இருக்கின்றன, அந்தக் கடற்கரைக்கு எதிரேதான் கப்பல் எரிந்து மூழ்கியதாம். பெரியக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். மாப்பிள்ளை கண்காட்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளையும் வரட்டும். அவர்தான் முக்கியமா பாக்கணும்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

அப்பா கப்பலில் சுக்கான் பிடித்தவர். அதனால் அவர்கள் குடும்பத்துக்குச் 'சுக்கான் வீடு' என்றே பெயர். பெரியக்காவுக்குப் பத்து வயதாயிருந்தபோது அப்பாவின் கப்பல் கடலில் தீப்பிடித்தது. அப்பாவின் நிலைமை தெரியாமல் வீடு நான்கு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் கம்பெனி எழுத்தர் ஒருவர் வந்து, "உயிரோட இருக்காரும்மா. கடைசி வரைக்கும் நின்னவரு உங்க அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எரிகிற கப்பலை விட்டுக் கடைசி ஆளாக இறங்கியவர் அப்பா என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார், அலுவலகத்தில் சொன்னார், பெண் கேட்டு வந்தவர்களிடம் சொன்னார். அப்பா மட்டும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். முப்பது வருடம் கழித்துப் படுக்கையில் நிம்மதியாகச் செத்துப்போனார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. கடையிலிருந்து முதலில் தெருவுக்கு ஓடி வந்தவர் மாப்பிள்ளை. வேலையாட்கள் பிறகு வந்தார்கள். ஒருவனுக்குக் கையில் காயம். மறுநாள் விசாரிக்கப் போன பெரியக்கா, சம்பந்தி வீட்டார் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்று சொன்னார்: "எங்கப்பா கப்பலையே விட்டு ஓடல. நீங்க ஒரு கடையை விட்டு ஓடி வந்துட்டீங்களே மாப்பிள்ளை."

மாப்பிள்ளை அதற்குப் பிறகும் நல்லது கெட்டதுக்கு வருவார், போவார், மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் சுக்கான் வீட்டில் இலை போட்டால் மட்டும், "இப்பத்தான் சாப்பிட்டேன் அண்ணி" என்று விடுவார். பதினெட்டு வருடமாக அவர் இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறார்.

டிக்கெட் வாங்கும் இடம் கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்தது. பெரியக்கா தன் டிக்கெட்டைத் தானே வாங்கினார். முன்வாசலில் நீண்ட வரிசை நின்றது. வரிசையைப் பார்த்துவிட்டு அவர் கட்டடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அவர் வேலையில் இருந்தபோது எந்தக் கடைக்கும் முன்வாசல் வழியாகச் சோதனைக்குப் போனதில்லை. முன்வாசல் வழியாகப் போனால் கடைக்காரன் முத்திரை போட்ட நல்ல எடைக்கல்லைத் தராசுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவான். பின்பக்கமாகப் போய் நின்றால்தான் எது நிஜமாகப் புழங்குகிறது என்று தெரியும். அந்தப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது.

பின்பக்கத்தில் பொம்மைக் கப்பலும் திசைகாட்டி போட்ட சாவிக்கொத்தும் விற்கிற ஒரு கடை. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கமாகப் போனால் அருங்காட்சியகம். அங்கே நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், பெரியக்காவின் முகத்தைப் பார்த்தார், வழி விட்டார்.

"பாத்தியா, வரிசையே இல்ல" என்றார் பெரியக்கா.

"பாரேன். நீ வர்றேன்னு தெரிஞ்சு திறந்து வெச்சிருக்காங்க" என்றான் தம்பி.

காதில் மாட்டி விளக்கம் கேட்கும் கருவியை டிக்கெட்டோடு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். முதல் கண்ணாடிப் பெட்டியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன கரண்டிகள் கிடந்தன. தங்கை பெட்டியின் எண்ணை அழுத்தினாள். "இதுவரை நீங்கள் கண்டது போல" என்று கருவி ஆரம்பித்தது.

"நாம எங்க கண்டோம்? இப்பத்தானே உள்ள வந்தோம்" என்றாள் தங்கை.

"வேற நம்பர் அமுக்கு."

வேறு எண்ணை அழுத்தினாள். "உங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக" என்றது.

"ஏங்க, இது நம்மளப் போகச் சொல்லுது" என்று கணவரிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை தன்னுடைய கருவியைத் தட்டிப் பார்த்தார். அதில் திமிங்கிலம் கத்தியது. எல்லாவற்றையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். அடுத்த சுவரில் கப்பலோடு இறந்துபோன பதினோரு பேரின் பெயர்கள் இருந்தன. தங்கை விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள்.

"அப்பா பேரு இதுல இல்லக்கா."

"எப்படிடி இருக்கும்? உன் கல்யாணத்துல உக்காந்து ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரே."

அடுத்த கூடத்தில் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளிச்சம் குறைவு. எங்கிருந்தோ இரும்பு முனகும் சத்தம். எதிர்ப்பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இவர்களை இடித்துக்கொண்டு போனார்கள். தரையில் போட்டிருந்த அம்புக்குறிகள் எல்லாம் இவர்களைப் பார்த்தபடி இருந்தன. பெரியக்காவுக்குத் தலை லேசாகச் சுற்றியது. எந்தத் தராசும் இந்தத் தரையில் சரியாக நிற்காது என்று நினைத்தார். கப்பல் சாய்ந்த கோணத்தில் வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் பலகை மறுமுனையில் இருந்தது.

"லெவல் பாக்காம தரை போட்டிருக்கான். இவன் கட்டடத்துல லிஃப்ட் வெச்சா கயிறு அறுந்துரும்" என்றான் தம்பி.

அந்தக் கூடத்தின் கோடியில்தான் பட்டியல் இருந்தது. பழுப்பேறிய தாள், கண்ணாடிக்குள். மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார்.

"அண்ணி, இங்க வாங்க! மாமா பேரு! தாத்தா பேரோட முழுசா போட்டிருக்கு, சுக்கான் பிடிக்கிறவர்னு!"

அவர் குரலில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. பெரியக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்தார்.

"எங்க?"

"முதல் வரியிலயே இருக்கு பாருங்க. படகு ஒண்ணு, பொறுப்பு..." என்று படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

தாளில் எட்டுப் படகுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. படகு ஒன்று. பொறுப்பு, அப்பா. பயணிகள் முப்பத்தேழு. அதற்குக் கீழே படகு இரண்டு, மூன்று என்று எட்டு வரை. எட்டுக்குக் கீழே கப்பல் தலைவரின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும்.

"ஒண்ணாம் நம்பர்னா, மொதல்ல போன படகா?" என்று தங்கை கேட்டாள்.

இரும்பு முனகியது.

"ஒண்ணுன்னா ஒண்ணுதானேக்கா" என்றான் தம்பி மெதுவாக.

"நீ வாயை மூடு."

"நான் என்ன சொல்லிட்டேன்? எழுதியிருக்கறதைச் சொன்னேன்."

"வேற யாராவது இருக்கும். அதே பேர்ல."

"அப்பன் பேரும் அதே, வேலையும் அதேவா?"

பெரியக்கா முத்திரையை உற்றுப் பார்த்தார். பொய் முத்திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற கண் அது. இது நல்ல முத்திரைதான். மசி சீராக இறங்கியிருந்தது, விளிம்பு தெளிவாக இருந்தது.

மாப்பிள்ளை நகர்ந்து நின்றுகொண்டார். "விடுங்க அண்ணி. எப்பவோ நடந்தது. பேரு போட்டு வெச்சிருக்காங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றார்.

"எதை விடணும்?" என்றார் பெரியக்கா.

"இல்ல, சும்மா சொன்னேன்."

அவர் குத்திக்காட்டியிருந்தால் பெரியக்காவுக்குப் பதில் இருந்திருக்கும். அவர் விடச் சொன்னதுதான் தாங்கவில்லை. கடைக்காரர்கள் எடைக்கல்லின் அடிப்பக்கத்தைக் குடைந்து ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகை வைத்து அடைப்பார்கள். மேலே முத்திரை பளபளவென்று இருக்கும். அப்படி எத்தனை கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே பிடித்திருக்கிறார். இந்த மனுஷரைப் பதினெட்டு வருடமாக எந்தக் கல்லை வைத்து எடை போட்டோம்? அப்பா முதல் படகில் ஏறிப் போயிருந்தால், பதினைந்து பேர் முன்னால் தான் சொன்ன சொல்லுக்கு என்ன பெயர்? அப்பா வாய் திறக்காமல் எழுந்து போனதெல்லாம் எதற்காக? அடக்கத்தால் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, வெட்கத்தாலா?

சுவரோரம் நின்ற பணிப்பெண்ணிடம் போனார். "இங்க பொறுப்பான ஆள் யாரும்மா? இந்தத் தாளைப் பத்தி விசாரிக்கணும்."

"விளக்கம் சொல்றவர் முதல் ஹால்ல இருப்பாரும்மா. நீங்க அந்த வழியாத்தானே வந்திருப்பீங்க?"

பெரியக்கா வருகிற கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு நடந்தார். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். ஒரு கூடத்துப் படங்களில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. அடுத்ததில் அதே கப்பலில் பயணிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்ததில் கப்பலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூழ்கின கப்பல், இவர்கள் அடியெடுத்து வைக்கிற ஒவ்வொரு கூடத்திலும் புதிதாகிக்கொண்டே வந்தது. பெரியக்காவுக்கு எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதே பிடிபடவில்லை. இதில் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார்?

முதல் கூடத்தின் நடுவில் அந்தக் கப்பலின் மாதிரி இருந்தது. இரண்டு ஆள் நீளம், பலகை பலகையாகச் செய்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் மார்பில் அட்டையுமாக ஒரு முதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏம்மா, எல்லாரும் இங்கேர்ந்து அங்க போவாங்க. நீங்க அங்கேர்ந்து வர்றீங்க?"

"வழி அப்படி அமைஞ்சுபோச்சு. நீங்க யாரு?"

"கப்பல்ல நாப்பது வருஷம் அதிகாரியா இருந்தேன். இப்ப வீட்ல இருக்க முடியாம இங்க வர்றேன். என்ன தெரியணும்?"

பெரியக்கா நேராக நின்றார். "அங்க ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஒண்ணாம் நம்பர் படகுக்குப் பொறுப்புன்னு போட்டிருக்கிறவர் எங்க அப்பா. அந்தப் படகு எப்பப் போச்சு? ஒளிக்காம சொல்லுங்க."

முதியவர் அவரை மாதிரிக் கப்பலின் முன்பக்கத்துக்கு அழைத்துப் போனார்.

"இங்க பாருங்க. கப்பலுக்கு வலது பக்கம் நாலு படகு, இடது பக்கம் நாலு படகு. முன்னாலேர்ந்து எண்ணிட்டுப் போவோம். வலது பக்கம் ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு. இடது பக்கம் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. தெருவுல வீட்டுக்கு நம்பர் போடற மாதிரி. ஒண்ணாம் நம்பர்னா வலது பக்கத்துல முன்னால தொங்கற படகு. அவ்வளவுதான். மொதல்ல போற படகுன்னு அர்த்தம் இல்ல."

"அப்போ எது மொதல்ல போச்சு?"

"தீ பின்பக்கத்துல பிடிச்சுது. அதனால பின்னால இருக்கற படகை மொதல்ல இறக்கினாங்க. எட்டு, ஏழு, அப்புறம் ஆறு. இந்தச் சுவத்துல கப்பல் நாட்குறிப்புப் பக்கம் மாட்டியிருக்கு, நேரத்தோட. நேரான வழியில வந்திருந்தா இதைத்தானே மொதல்ல பாத்திருப்பீங்க."

பெரியக்கா சுவரருகே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தார். படகு எட்டு இறக்கப்பட்ட நேரம் இருந்தது. அதற்கு ஐம்பது நிமிடம் கழித்துக் கடைசி வரி: படகு ஒன்று.

"கடைசிப் படகு!" என்று கத்தியேவிட்டாள் தங்கை.

"அப்பாடா" என்றார் மாப்பிள்ளை. அவர் நிஜமாகவே மூச்சை விட்டார். "மாமாவா அப்படிப் போயிருப்பாருன்னு எனக்கு அங்கயே நம்பிக்கை இல்ல அண்ணி."

பெரியக்காவின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. "பாத்தீங்கல்ல? கடைசி ஆள். எங்கப்பா."

"கடைசி ஆள் இல்லம்மா" என்றார் முதியவர்.

பெரியக்கா திரும்பினார்.

"படகு ஒண்ணு போனப்புறம் கப்பல்ல ஆறு பேரு இருந்தாங்க. கப்பல் தலைவர், ரேடியோக்காரர், ரெண்டு இன்ஜின் ஆட்கள், ஒரு சமையல்காரர், இன்னொருத்தர். எல்லாரும் கயிறு வழியா கடல்ல இறங்கினாங்க. நாலு பேரை எடுத்தாங்க. ரெண்டு பேரை எடுக்க முடியல."

"அப்பா ஏன் அவங்களோட நிக்கல?"

"கீழ படிங்க. எழுதியிருக்கே."

நாட்குறிப்பில் கப்பல் தலைவர் எழுதிய ஒரே வரி. சுக்கான் பிடிப்பவர் தானும் இருப்பதாகச் சொன்னார், படகு ஒன்றுக்குப் போகும்படி உத்தரவிட்டேன், போனார்.

"ஒரு தடவைதான் கேட்டாரா?" என்றார் பெரியக்கா.

"ஒரு தடவை கேட்டதா எழுதியிருக்கு."

"மறுபடியும் கேட்டிருக்கலாமே."

"எதுக்கும்மா? படகுல முப்பத்தேழு பேரு. குழந்தைங்க, வயசானவங்க. அலையில படகைத் திருப்பத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்லேன்னா அத்தனை பேரும் காலி. தலைவர் சொன்னா போகணும். அதுதான் டியூட்டி."

"அது பெருமையா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

முதியவர் தலையைச் சொறிந்தார். "டியூட்டிம்மா" என்றார் மறுபடியும். வேறு யாரோ கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பெரியக்கா நாட்குறிப்பின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அப்பா ஓடவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. முப்பத்தேழு பேரை உயிரோடு கரை சேர்த்தார். அவர் படகைத் திருப்பியபோது மேலே நின்றவர்களில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். எழுத்தர் சொன்னது 'கடைசி வரைக்கும்' என்றுதான். 'ஆள்' என்ற சொல்லைச் சேர்த்தது யார்? பத்து வயதில் தான்தான் சேர்த்தோம் என்பது அவருக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. ஆனால் அதுவும் நிச்சயமாக இல்லை. எழுத்தரே சொல்லியிருப்பாரோ? இல்லை, அவர் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் போய் இந்தக் கருவியையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றார் தம்பியிடமும் தங்கையிடமும். அவர்கள் போனார்கள்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியக்கா எதிரில் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். கடை தீப்பிடிச்ச அன்னைக்கு நீங்க ஏன் மொதல்ல வெளிய வந்தீங்க?"

அவர் கை குதிகாலிலேயே நின்றது. "பதினெட்டு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க."

"ஆமா, இப்பத்தான் கேக்குறேன்."

"பயந்துட்டேன் அண்ணி. வேற ஒண்ணும் இல்ல. புகையைப் பாத்ததும் கால் தானா ஓடுச்சு. தெருவுக்கு வந்தப்புறம்தான் மெயின் சுவிட்ச் வெளிப்பக்கம் இருக்கறது ஞாபகம் வந்துச்சு. அதை அணைச்சேன். திரும்ப உள்ள போய் மாடி வரைக்கும் ஏறினேன். அங்க யாருமே இல்ல. எல்லாரும் அதுக்குள்ள பின்பக்கமா இறங்கிட்டாங்க. நானும் இருமிக்கிட்டே இறங்கி வந்துட்டேன்."

"திரும்ப உள்ள போனீங்களா? இதை யாரும் எங்கிட்ட சொல்லலயே."

"யாரு கேட்டா? நீங்க வந்தீங்க, சொன்னீங்க, போயிட்டீங்க. அதோட, உள்ள போய் நான் யாரையும் காப்பாத்தவும் இல்லையே. காலி மாடியைப் பாத்துட்டு வந்தேன். அதை என்னன்னு சொல்றது?"

பெரியக்காவும் அதைத்தான் யோசித்தார். ஓடினவர், திரும்பிப் போனவர், ஒருவரையும் காப்பாற்றாதவர். அந்தப் பக்கம், நிற்கிறேன் என்று சொன்னவர், போ என்றதும் போனவர், முப்பத்தேழு பேரைக் காப்பாற்றியவர். எதை எந்தத் தட்டில் வைப்பதென்று முப்பத்து நான்கு வருடச் சர்வீஸில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தப்பான கல்லைப் பிடித்தால் அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு என்று விடக் கூடாது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றார்.

"எதைச் சொல்றீங்க?"

"எங்கப்பா கடைசி ஆள்னு சொன்னது தப்பு. அதை வெச்சு உங்களை எல்லார் முன்னாலயும் சொன்னதும் தப்பு. உள்ள திரும்பிப் போனீங்களான்னு கேக்காதது எல்லாத்தையும் விடத் தப்பு."

மாப்பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்தார். பெரியக்கா கண்டிக்கும்போது எப்படி நிற்பாரோ, எந்தக் குரலில் பேசுவாரோ, அப்படியேதான் நின்றார், பேசினார். அவருக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இப்ப நீங்க என்னைத் திட்டுறீங்களா?"

"இல்ல."

"எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும்தான் புரியல. ஆனா திட்டல."

"சரி" என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் செருப்பைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

தம்பியும் தங்கையும் திரும்பி வந்தார்கள். கருவியைத் திருப்பிக் கொடுக்கும் இடம் பின்வாசலில் இருந்ததால் மறுபடியும் கப்பல் எரிந்து மூழ்குகிற வரைக்கும் போய்விட்டு வந்ததாகத் தம்பி சொன்னான். இந்தத் தடவை எல்லாம் தெளிவாகப் புரிந்ததாம்.

"அக்கா, இனிமே ஊர்ல எப்படிச் சொல்றது?" என்று தங்கை கேட்டாள். "கடைசி ஆளா, இல்லையா?"

"கடைசிப் படகு. முப்பத்தேழு பேரு. போகச் சொன்னாங்க, போனாரு."

"அவ்வளவுதானா? கேக்கறதுக்கு ஒரு மாதிரி சப்புன்னு இருக்கேக்கா."

"இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு கிராம் சேத்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன். மாப்பிள்ளை மாடிக்கு ஏறினதையும் சேத்துச் சொல்லணும்."

"எந்த மாடிக்கு?" என்றாள் தங்கை.

பெரியக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "இவகிட்டயும் சொல்லலயா நீங்க?"

"அவ உங்க தங்கச்சி அண்ணி. அவளும் கேக்கல" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வந்தபோது வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது. பெரியக்காவுக்குத் தெரு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. மாப்பிள்ளை முன்னால் நடந்தார். பெரியக்கா பின்னால் நடந்தார்.

அந்த நகரத்து அருங்காட்சியகத்தில், நூறு பேர் பார்க்க, பெரியக்கா மாப்பிள்ளையின் காலில் விழுந்து அழுததாக இப்போது உறவுக்குள் ஒரு பேச்சு சுற்றுகிறது. அது உண்மையல்ல. அவர் நின்றுகொண்டுதான் சொன்னார். அழவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை.